மோட்டார் இல்லாமல் ஒரே வாளியில் லெட்யூஸ்

ஹைட்ரோபோனிக்ஸ் (மண்ணில்லாமல் உரத்தண்ணீரில் செடி வளர்ப்பது) என்றதும் பைப், மோட்டார், டைமர் என்று வாங்கிக் குவிக்க வேண்டாம். இலைக்காய்கறிக்கு மூடி போட்ட 20 லிட்டர் வாளி ஒன்று போதும். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரவலாக்கிய முறை இது. கரண்ட்டே வேண்டாம்.

மூடியில் 5 செ.மீ. நெட் பாட்டுக்கு (வேர் வெளியே வர இடைவெளி விட்ட சின்ன பிளாஸ்டிக் தொட்டி) மூன்று ஓட்டை போடுங்கள். பாட்டின் விளிம்பை அளக்காதீர்கள், விளிம்புக்குக் கீழே அளந்து அந்த அளவுக்கு ஹோல் சா (டிரில்லில் மாட்டி வட்ட ஓட்டை போடும் ரம்பம்) வாங்குங்கள். கத்தியால் அறுத்தால் ஓட்டை கோணிக்கொள்ளும், பாட் உள்ளே விழும்.

அடுத்து வெளிச்சம். இருட்டு அறையில் எரியும் டார்ச்சை வாளிக்குள் வைத்து மூடிப் பாருங்கள். பக்கவாட்டில் மினுக்கினால் பாசி நிச்சயம். வெளியே முதலில் கறுப்புப் பெயின்ட், அதன்மேல் வெள்ளை அடியுங்கள். கறுப்பை மட்டும் விட்டால் வெயிலில் தண்ணீர் சூடேறும். 25 டிகிரிக்கு மேல் போனால் வேரழுகல் எட்டிப்பார்க்கும்.

உரம் 16 லிட்டருக்கு: 4-18-38 கலவை (எண்கள் தழை, மணி, சாம்பல் சத்தின் சதவீதம்) 10 கிராம், எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) 5 கிராம், கால்சியம் நைட்ரேட் 10 கிராம். 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். முதல் இரண்டையும் வாளித் தண்ணீரில் முழுக்கக் கரைத்த பிறகே, தனிக் குவளையில் கரைத்த கால்சியம் நைட்ரேட்டை ஊற்றுங்கள். மூன்றையும் கொஞ்சம் தண்ணீரில் ஒன்றாகப் போட்டால் கால்சியமானது சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும். அது செடிக்குப் போகாது, கொட்டிவிட வேண்டியதுதான்.

அரை மணி நேரம் கழித்து பி.எச். (அமில-கார அளவு) பாருங்கள், 5.5 முதல் 6.5 வரை இருக்கட்டும். இதற்குச் சொட்டு விட்டு நிறம் பார்க்கும் கிட் போதும். காசு செலவழிப்பதென்றால் ஈ.சி. மீட்டருக்கு (கரைசலின் உர அடர்த்தியைக் காட்டும் கருவி) செலவழியுங்கள்.

மூன்று, நான்கு இலை விட்ட நாற்றை வைக்கும்போது பாட்டின் அடி 1 செ.மீ. மட்டும் நனைய வேண்டும்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். தண்ணீர் இறங்க இறங்கப் பதறி, மறுபடி விளிம்புவரை நிரப்பிவிடுகிறார்கள். மட்டம் இறங்கும்போது மேலே வெளிப்படும் வேர்கள் பஞ்சுபோல் கிளைத்து, காற்றிலிருந்து நேராக ஆக்சிஜன் எடுக்கும் வேர்களாக மாறுகின்றன. அவற்றை மூழ்கடித்தால் செடிக்கு மூச்சுமுட்டும். தண்ணீர் நிறைய இருந்தும் இலை தொங்கினால் முதல் சந்தேகம் இதுதான். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் வேரின் நீளத்தில் கீழ்ப்பாதிக்கு மேல் ஏறாதபடி ஊற்றுங்கள். அதுவும் பாதி அடர்த்திக் கரைசலாக. வெக்கையில் செடி உரத்தைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் இழுக்கும், மீதிக் கரைசல் கெட்டிப்படும்.

பிற்சேர்க்கை: உள் இலைகளின் நுனி கருகுவதற்குப் பெரும்பாலும் உரக்குறை காரணமல்ல. புழுக்கத்தில் கால்சியம் இளம் இலைவரை ஏறுவதில்லை. இன்னும் உரம் போடாதீர்கள், செடிமேல் காற்றுப்படச் செய்யுங்கள். செடி வைக்காத ஓட்டை இருந்தால் டேப் ஒட்டி அடையுங்கள், கொசு அதன் வழியாகத்தான் முட்டையிடப் போகும்.