கைபேசியில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ப்ளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து கல்லூரி திறக்கும்வரை எங்கள் ஸ்டுடியோவில் கூட்டம்தான். முன்பெல்லாம் முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு வருவார்கள். இப்போது பாதிப் பேர் கைபேசியை நீட்டுகிறார்கள். “அண்ணா, வீட்டுலயே எடுத்துட்டேன். வெட்டி எட்டு காப்பி மட்டும் போட்டுக் குடுங்க.”

இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இன்றைய சாதாரணக் கைபேசியே ஓர் அடையாள அட்டைப் படத்துக்குத் தாராளமாகப் போதும். ஆனால் கொண்டுவரும் படங்களில் பலவற்றை அப்படியே விண்ணப்பத்தில் ஏற்ற முடியாது. தொழில் பழகிய நாட்களில் நான் செய்து திட்டு வாங்கிய அதே பிழைகள் இப்போது வேறு கைகளில் திரும்ப வருகின்றன.

கண்ணை மூடிக்கொள்வது, பல் தெரியச் சிரிப்பது, கூலிங் கிளாஸ் போடுவது இதெல்லாம் கூடாது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தெரியாமல் நடப்பவற்றை மட்டும் எழுதுகிறேன்.

## கை நீளத்துக்குள் எடுப்பது

செல்ஃபியில் மூக்கு பெரிதாகவும் காது உள்ளே போனதுபோலவும் தெரிந்தால், ‘கேமரா சரியில்லை’ என்கிறார்கள். உண்மையில் தூரம்தான் காரணம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறத்தாழ 12 செ.மீ. இருக்கும். கேமரா மூக்கிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருந்தால், காது அதைவிட 40 சதவீதம் அதிகத் தொலைவில் இருக்கிறது. அதனால் மூக்கு பெரிதாகி காது சிறுக்கிறது. ஒன்றரை மீட்டர் தள்ளிப் போனால் இந்த வித்தியாசம் 8 சதவீதம்தான், கண்ணுக்குத் தெரியாது. 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் இதைக் கணக்கிட்டார்கள். 5 அடித் தொலைவில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், 12 அங்குலத்தில் எடுத்த படத்தில் ஆண்களின் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறதாம்.

எனவே வேறொருவர் ஐந்து, ஆறு அடி தள்ளி நின்று, பின்பக்கக் கேமராவில், உங்கள் கண் மட்டத்தில் கைபேசியைச் செங்குத்தாகப் பிடித்து எடுக்கட்டும். 2எக்ஸ் ஜூம் வசதி இருந்தால் அதில் வைக்கலாம். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மார்பு வரை தெரிய எடுத்துவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். வீட்டில் யாரும் இல்லையா? அலமாரித் தட்டில் கைபேசியைச் சாய்த்து வைத்து டைமர் போடுங்கள்.

## சுவரில் முதுகை ஒட்டுவது

தலைக்குப் பின்னால் கறுப்பாக நிழல் விழும். சுவரிலிருந்து மூன்று, நான்கு அடி முன்னால் வந்து நின்றால் நிழல் தரையில் போய் விழுந்துவிடும்.

வெள்ளைச் சுவர் இல்லாதவர்கள் அப்பாவின் வேட்டியைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஒற்றை வேட்டியில் பின்னால் இருக்கும் பச்சைச் சுவர் தெரியும். இரண்டாக மடித்து, இஸ்திரி போட்டு, கரை படத்துக்குள் வராமல் கட்டுங்கள்.

## ட்யூப்லைட்டுக்குக் கீழே நிற்பது

வெளிச்சம் மேலிருந்து விழுந்தால் கண்குழி இருண்டு, மூக்குக்கு அடியில் மீசைபோல நிழல் வரும். காலையிலோ பிற்பகலிலோ நேர்வெயில் படாத சன்னலை அல்லது வாசல் கதவை முகம் பார்க்க நில்லுங்கள். எடுப்பவர் சன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்பார், ஆனால் வெளிச்சத்தை மறைக்காமல் சற்றே விலகி. அறை விளக்கை அணைத்துவிடுங்கள். சன்னல் வெளிச்சமும் விளக்கும் கலந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் மஞ்சளாகவும் வரும்.

## முகத்தை வெளுப்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனை வருடம் சொல்லியும் குறையாத தவறு இது. நினைத்தாலே எரிச்சல் வருகிறது.

பல கைபேசிகளில் முன்கேமராவைத் திறந்தாலே பியூட்டி மோட் தானாக இயங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் எதையும் தொட்டிருக்க மாட்டீர்கள். அது தோலை வழவழப்பாக்கி, நிறத்தை வெளிறவைத்து, தாடையைக் கொஞ்சம் ஒடுக்கி, மச்சத்தையும் தழும்பையும் துடைத்துவிடுகிறது. அப்புறம் போதாக்குறைக்கு ஒரு செயலியில் ஏற்றி இன்னொரு முறை ‘பளிச்’ ஆக்குவார்கள்.

வங்கித் தேர்வு எழுதப் போன ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வலது கன்னத்தில் மிளகு அளவு மச்சம். பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளங்கள் என்று எழுதுகிறார்களே, அதில் முதல் வரியே அந்த மச்சம்தான். விண்ணப்பத்தில் அவர் ஏற்றிய படத்தில் மச்சமே இல்லை. நிறமும் வேறு. தேர்வு மையத்தில் ஹால் டிக்கெட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தனியாக நிறுத்திவிட்டார்கள். ஆதாரைக் காட்டி, கையெழுத்துப் போட்டுக் காட்டி, உறுதிமொழி எழுதிக் கொடுத்து, தேர்வு தொடங்கச் சில நிமிடங்கள் இருக்கும்போதுதான் உள்ளே போனாராம். மறுநாள் புதுப் படம் எடுக்க வந்தபோது, “முதல் அரை மணி நேரம் கை நடுக்கம் நிக்கலண்ணா” என்றார். ஒரு வருடம் படித்த படிப்பு அது. சோதித்தவர்கள் மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆள்மாறாட்டத்தைத் தடுப்பது அவர்கள் வேலை. அந்தப் படத்தில் இருந்தது அந்தப் பெண்ணின் முகம் இல்லையே.

அவர் ஏன் வெளுத்தார் என்று கேட்டேன். “எடுத்ததுல முகமே தெரியல, கறுப்பா இருந்துச்சு.” இங்கேதான் விஷயம் இருக்கிறது. கேமரா தன் கண்ணில் படும் மொத்தக் காட்சியின் வெளிச்சத்தையும் அளந்து, அதை நடுத்தரமாகக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் பெரிய வெள்ளைச் சுவர் இருந்தால் ‘வெளிச்சம் அதிகம்’ என்று கணக்குப் போட்டு எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். சுவர் சாம்பல் நிறமாகும், மாநிறமோ கறுப்போ ஆன முகம் தன் உண்மை நிறத்தைவிட இருண்டு, கண்ணும் புருவமும் தெரியாமல் போகும். இது வெளிச்சக் கணக்கில் வந்த பிழை. இதற்கு மருந்தாக ஃபில்டரைப் போடுகிறார்கள். அதுவோ வெளிச்சத்தை விட்டுவிட்டு முகத்தையே மாற்றுகிறது.

சரியான மருந்து மிக எளிது. திரையில் முகத்தின் மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்துங்கள். ஃபோகஸும் வெளிச்ச அளவும் முகத்துக்கு ஏற்ப நிற்கும். பக்கத்தில் ஒரு சின்னச் சூரியக் குறி வரும், அதை மேலே தள்ளுங்கள். சுவர் வெள்ளையாகவும், முகம் அதன் சொந்த நிறத்தில் தெளிவாகவும் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். கன்னத்துக்குக் கீழே நிழல் தங்கினால், யாராவது ஒரு வெள்ளைச் சார்ட் அட்டையை உங்கள் மார்பளவில் படத்துக்கு வெளியே கிடையாகப் பிடிக்கட்டும். சன்னல் வெளிச்சம் அதில் பட்டு முகத்துக்கு ஏறும். கறுத்த முகம் இப்படி எடுத்தால் எவ்வளவு அழகாக வரும் என்பதை எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. பிரிட்டனில் பாஸ்போர்ட்டுக்கு இணையத்தில் ஏற்றும் படங்களைச் சோதிக்கும் தானியங்கி முறையை 2020இல் பிபிசி ஆராய்ந்தபோது, கறுத்த நிறமுள்ள பெண்களில் 22 சதவீதத்தினரின் படங்களைத் தரம் போதாது என்றது அந்த முறை. வெளிர் நிற ஆண்களில் 9 சதவீதம்தான். இயந்திரத்தின் குறையை நாம் திருத்த முடியாது. ஆனால் அதன் முன் வைக்கும் படத்தில் கண், மூக்கு, வாய் விளிம்புகள் தெளிவாகத் தெரியும்படி வெளிச்சம் கொடுக்க நம்மால் முடியும்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கேட்காமலே முகத்தை வெளுத்துக் கொடுப்பதை ஒரு சேவை என்று நினைக்கும் கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. ‘கொஞ்சம் கலர் ஏத்தவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கல்யாண ஆல்பத்துக்கு என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். அடையாள அட்டைப் படத்தை ஒரு முன்பின் தெரியாத அதிகாரி உங்கள் முகத்தோடு ஒப்பிடப்போகிறார், அது மட்டும்தான் அதன் பயன்.

இப்போது ஏஐ செயலிகள் வேறு வந்துவிட்டன. சாதாரணப் படத்தைக் கொடுத்தால் கோட்டு சூட்டு மாட்டி, பின்னணியை மாற்றி, முகத்தையும் ‘சீர்செய்து’ தருகின்றன. அமெரிக்க விசா, பாஸ்போர்ட் படங்களைச் செயலி, ஃபில்டர், ஏஐ எதைக் கொண்டும் மாற்றக் கூடாது என்று அந்நாட்டு வெளியுறவுத் துறை வெளிப்படையாகவே சொல்கிறது. பின்னணியை மட்டும் அழிப்பதும் ஆபத்துதான். சுருள்முடிக்காரர்களின் தலை ஓரத்தையும் காது மடலையும் சேர்த்து வெட்டிவிடும். வேட்டி கட்டி எடுப்பது அதைவிட மேல்.

## இடம் வலம் மாறிய படம்

முன்கேமராவில் எடுத்தே ஆக வேண்டும் என்றால், சேமித்த படத்தை ஒரு முறை பாருங்கள். சில கைபேசிகள் கண்ணாடியில் தெரிவதுபோலவே சேமிக்கும். வலக் கன்னத்து மச்சம் இடக் கன்னத்துக்குப் போய்விடும், வகிடும் மாறிவிடும். சட்டையில் எழுத்து இருந்தால் உடனே தெரியும், இல்லாவிட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். கேமரா அமைப்பில் ‘மிரர்’ என்றிருப்பதை அணைத்துவிடுங்கள்.

## போர்ட்ரெய்ட் மோட்

வேண்டாம். பின்னணியை மங்கலாக்கும்போது காது ஓரத்தையும் சேர்த்து மங்கலாக்கிவிடும்.

## வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைச் சட்டை

தோள் காணாமல் போகும். அடர்ந்த நிறம் போடுங்கள்.

## ஒரே படத்தை எல்லாவற்றுக்கும் ஏற்றுவது

‘பாஸ்போர்ட் சைஸ்’ என்று ஒரே அளவு எல்லா இடத்துக்கும் இருப்பதாக நினைத்து, ஒரே கோப்பைப் பத்து விண்ணப்பத்துக்கும் ஏற்றுகிறார்கள். நாம் சாதாரணமாக அச்சிடுவது 3.5 × 4.5 செ.மீ. 4 × 6 அங்குலத் தாளில் எட்டுப் படம் அடங்கும் என்பதால்தான் எல்லோரும் எட்டு காப்பி கேட்கிறார்கள். பான் கார்டின் காகிதப் படிவத்துக்கு 2.5 × 3.5 செ.மீ. அமெரிக்க விசாவுக்குச் சதுரம். 2 × 2 அங்குலம், ஏற்றுவதற்குக் குறைந்தது 600 × 600 பிக்சல், 240 கேபிக்கு மேல் போகக் கூடாது. தலை, படத்தின் உயரத்தில் 50 முதல் 69 சதவீதம் இருக்க வேண்டும். 2016 நவம்பரிலிருந்து மூக்குக்கண்ணாடிக்கும் அங்கே அனுமதி இல்லை. ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்கு முகம் இன்னும் பெரிதாக, 70 முதல் 80 சதவீதம். நீட் தேர்வுக்கு வெள்ளைப் பின்னணியில் காதுகள் தெரிய, முகம் 80 சதவீதம். வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு 2025 செப்டம்பரிலிருந்து 630 × 810 பிக்சல்.

அதனால்தான் மார்பு வரை, தலைக்கு மேலே நிறைய இடம் விட்டு எடுக்கச் சொல்கிறேன். அகலமாக எடுத்த ஒரு மூலப் படம் இருந்தால் எந்த அளவுக்கும் வெட்டலாம். நெற்றியை ஒட்டி எடுத்துவிட்டால் பிறகு இடத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

இன்னொன்று: பெரியவர்களின் பாஸ்போர்ட்டுக்கும் ஆதாருக்கும் இங்கே மையத்திலேயே படம் எடுத்துவிடுவார்கள். அதற்காக வீட்டில் மெனக்கெட வேண்டாம்.

## கேபி குறைக்கிறேன் என்று படத்தைக் கெடுப்பது

ஐபிபிஎஸ் போன்ற வங்கித் தேர்வுகளில் படம் 20 முதல் 50 கேபிக்குள் கேட்கிறார்கள். கைபேசிப் படமோ 4 எம்பி. அதைத் தரத்தை மட்டும் குறைத்து 50 கேபிக்குள் அமுக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடையும். முதலில் முகத்துக்கு வெட்டுங்கள். பிறகு பிக்சல் அளவைக் கேட்டபடி சுருக்குங்கள். ஐபிபிஎஸ் கேட்பது 200 × 230 பிக்சல்தான். இவ்வளவு சுருக்கிய பிறகு பெரும்பாலும் கேபி தானாகவே அடங்கிவிடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை வெட்டும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் கேமரா அமைப்பில் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் எச்இஐசி வடிவத்தில் சேமிக்கும், ஜேபிஜி மட்டும் ஏற்கும் தளம் அதைத் திருப்பிவிடும்.

## வாட்ஸாப்பில் போட்டோவாக அனுப்புவது

டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

## கைக்குழந்தையை மடியில் வைத்து எடுப்பது

நான்கு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது வெள்ளைப் பின்னணியில் 4.5 × 3.5 செ.மீ. படம் கொண்டுபோக வேண்டும். அம்மா பின்னால் இருந்து தூக்கிப் பிடிக்க, இரண்டு விரல்கள் எப்படியும் படத்தில் வந்துவிடும். அதைவிடச் சன்னலோரம் தரையில் மெத்தை போட்டு, மேலே சுருக்கமில்லாத வெள்ளைத் துணி விரித்துக் குழந்தையைப் படுக்கவையுங்கள். நீங்கள் நின்றபடி குனிந்து நேர் மேலிருந்து எடுங்கள், உங்கள் நிழல் மட்டும் குழந்தை மேல் விழாமல். பெரிய கண்மையும் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டும் அன்றைக்கு ஒரு பத்து நிமிடம் இல்லாமல் இருக்கட்டும், பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பால் குடித்து விழித்திருக்கும் நேரம் பார்த்து, கைபேசிக்கு நேர் மேலே கிலுகிலுப்பையை ஆட்டினால் குழந்தை லென்ஸைப் பார்க்கும். விரலை எடுக்காமல் தொடர்ந்து அழுத்தி இருபது, முப்பது படம் எடுங்கள். வாய் மூடி, இரண்டு கண்ணும் திறந்த ஒன்று அதில் கிடைத்துவிடும்.