மனச்சோர்வு மருந்துகள்: செவிலியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனச்சோர்வுக்கான மருந்துகளைக் கையாளும்போது அளவில் நேரும் பிழையைவிட, காலத்தைக் கணிப்பதில் நேரும் பிழையே எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவற்றைத் தொடங்கியபின் மனநிலையில் மாற்றம் தெரிய 2 முதல் 4 வாரங்களும், முழுப் பலன் கிடைக்க 6 முதல் 8 வாரங்களும் ஆகலாம். குமட்டலும் தலைவலியும் தூக்கக் குலைவுமோ முதல் சில நாட்களிலேயே வந்துவிடும். இதை முன்பே எடுத்துச் சொல்லாவிட்டால், தொந்தரவு மட்டுமே மிச்சம் என்று நோயாளி மாத்திரையை நிறுத்திவிடுவார்.

நோயாளி எழுந்து நடமாடத் தொடங்கியதும் கண்காணிப்பைத் தளர்த்துவது இதைவிட ஆபத்தான தவறு. மனத்தின் சோர்வு விலகுமுன்பே உடலில் சுறுசுறுப்பு திரும்பக்கூடும் என்பதால், முதல் வாரங்களிலும் அளவை மாற்றும் நாட்களிலும் தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடும் என்ற அச்சம் வார்டுகளில் இன்னும் இருக்கிறது; அது ஆதாரமற்றது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இம்மருந்துகளால் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று 2004இல் சிறுவர்க்கும் பதின்வயதினருக்கும் விதித்த கட்டமிட்ட எச்சரிக்கையை (மருந்துக் குறிப்பில் கட்டத்துக்குள் அச்சிடும் மிகக் கடுமையான எச்சரிக்கையை), 2007இல் 24 வயது வரையுள்ள இளையோருக்கும் விரிவாக்கியது. மாத்திரையை வாயில் ஒதுக்கி வைத்துச் சேர்த்துக்கொள்ளும் நோயாளிகளும் உண்டு. பழைய வகை மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலின் அளவு மீறினால் இதயத் துடிப்பைக் குலைத்து உயிரைப் பறிக்கும் என்பதால், விழுங்கியதை உறுதி செய்வதும், வீட்டுக்குச் சில நாட்களுக்கான மாத்திரைகளை மட்டும் குடும்பத்தார் கையில் கொடுக்கச் சொல்வதும் வெறும் சம்பிரதாயம் அல்ல.

வேறு மருந்துகளோடு சேரும்போது நேரும் தவறு பெரும்பாலும் வேறொரு வார்டில்தான் தொடங்குகிறது. வலிக்குத் தரும் டிரமடால், தொற்றுக்குத் தரும் லினசோலிட் ஆகியவை இம்மருந்துகளோடு சேர்ந்தால் செரோடோனின் மிகைநிலை, அதாவது நரம்புகளிடையே செய்தி கடத்தும் செரோடோனின் என்ற வேதிப்பொருளின் செயல் ஆபத்தான அளவுக்குக் கூடும் நிலை, உண்டாகலாம். வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு, பதற்றம் ஆகியவற்றைக் காய்ச்சல் என்றோ பழைய மனப்பதற்றம் என்றோ ஒதுக்கிவிடாமல், பாதத்தைச் சட்டென்று மேல்நோக்கி மடக்கும்போது கணுக்கால் தொடர்ந்து துடிக்கிறதா என்று பார்த்து, அடுத்த வேளை மருந்தைக் கொடுக்குமுன் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். மனச்சோர்வு மருந்தான ஃபுளுவாக்ஸெட்டின் உடலில் நெடுநாள் தங்குவது; அதை நிறுத்தி, மோனோஅமைன் ஆக்சிடேஸ் தடுப்பான் என்ற வேறுவகை மனச்சோர்வு மருந்தைத் தொடங்க 5 வார இடைவெளி தேவை.

முதியவரிடம் புதிதாகத் தோன்றும் குழப்பத்தை வயதின் மேல் போடாமல், இம்மருந்துகளால் இரத்தத்தில் சோடியம் குறைந்துள்ளதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் ஆகியவற்றைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் மின்னதிர்ச்சி போன்ற உணர்வும் வரலாம். இதை மருந்துக்கு அடிமையானதாகக் குடும்பத்தார் எண்ணிக்கொள்வதால், மருத்துவர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகவே குறைக்க வேண்டும் என்பதை வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே விளக்கிவிட வேண்டும்.