உப்பங்கழிக் கரையில் அலையாத்திக் காட்டை மீட்கும் முறை

கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காடு (உப்புநீர்ச் சதுப்பில் வளரும் மாங்குரோவ் காடு), 2022ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே முற்காலத்தில் பகுதி பகுதியாக மரங்களை மொத்தமாக வெட்டியதால், வெயில் நேரே பட்டு மண் வறண்டு தாழ்ந்தது. பள்ளத்தில் புகுந்த ஓத நீர் (கடல் பெருகும்போது உள்ளே ஏறும் நீர்) வெளியேற வழியின்றி வற்றி, உப்பை மட்டும் விட்டுச் சென்றது. ஆகவே, எந்தக் கழிக்கரையிலும் கன்று நடுவதற்கு முன் நீரின் வழியை ஆராய வேண்டும்.

அமாவாசை அல்லது பௌர்ணமியன்று ஓதம் ஏறி இறங்கும் வரை காத்திருந்து பாருங்கள். நீர் வடியாமல் தேங்கினாலோ, உப்புப் பூத்து உமிரி என்ற உவர்நிலச் செடி மட்டும் படர்ந்திருந்தாலோ அங்கே கால்வாய் தேவை. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பழங்குடியினர் ஒவ்வொரு ஓடையின் போக்கையும் அறிந்தவர்கள். அவர்களைக் கேட்காமல் திட்டமிடுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. அலையாத்திக் காடுகள் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளின் பாதுகாப்பில் இருப்பதால், வனத்துறையின் அனுமதியின்றி மண்வெட்டியை எடுக்கக் கூடாது.

கழியிலிருந்து ஒரு முதன்மைக் கால்வாயும், அதன் இருபுறமும் மீன்முள்போலச் சாய்வாகப் பிரியும் கிளைக் கால்வாய்களும் வெட்டப்பட வேண்டும். பிச்சாவரத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் பயன்படுத்திய முறை இதுவே. கால்வாயின் மேல்புறம் அகன்றும் அடிப்புறம் குறுகியும் இருந்தால் கரை சரியாது. ஓத நீர் நாள்தோறும் வந்து போக, மண்ணின் உப்பு மெல்லக் கழுவப்படும்.

அதன் பிறகே நடவு. அலையாத்தி மர வகையான வெண்கண்டலின் மொச்சைக்கொட்டை வடிவிலான விதையைக் கழிநீரில் ஊறவைத்து, தோல் கழன்றதும் பாதியளவு மண்ணில் அழுத்துங்கள். மற்றொரு அலையாத்தி மரமான சுரபுன்னையின், மரத்திலேயே முளைத்துத் தொங்கும் நீண்ட முளைக்குருத்தில் காம்புப்புறத்தில் மஞ்சள் வளையம் தெரிந்தால் அது முற்றிவிட்டது. கூர்முனை கீழே இருக்கும்படி மூன்றில் ஒரு பங்கு புதைத்தால் போதும். இரண்டையும் கால்வாய்ச் சரிவின் நடுமட்டத்தில் நடுங்கள்; மேலே வைத்தால் காயும், அடியில் வைத்தால் மூழ்கி அழுகும்.

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் இக்காட்டில் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும் என்பதால், அதன் கிளையை ஒடிக்க யாரையும் விடாதீர்கள்.

மழைக்காலம் முடிந்ததும் கால்வாய்களில் படிந்த வண்டலை ஆண்டுதோறும் அகற்றி, ஆடுமாடுகள் கன்றுகளை மேயாமல் காவல் காக்க வேண்டும். வண்டல் அடைத்த கால்வாய் ஓரிரு கோடைகளிலேயே பழைய உப்புப் பள்ளமாகிவிடும்.