டபுள் கப் வாங்கமுதல் பின்சீற்றில் ஏறி இருந்து பாருங்கள்

பிள்ளைகளோடு வெளிநாட்டிலிருந்து வந்து கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவுப் பக்கம் குடியேறுபவர்கள் வீட்டைத் திருத்தின கையோடு தேடுவது ஒரு டபுள் கப்: முன்னுக்கு ரெண்டு வரிசைச் சீற்றுள்ள கபின், பின்னுக்குச் சாமான் ஏற்றுகிற திறந்த பெட்டி. ஏ9 காப்பெற் றோட்டுத்தான். ஆனால் அதைவிட்டு உள்ளுக்கு இறங்கினால் கிரவல், மாரியில் பள்ளமெல்லாம் தண்ணி. உரமும் ஏற்ற வேணும், சீமெந்தும் ஏற்ற வேணும், அதே வாகனத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலும் விட வேணும். நல்ல தெரிவுதான். ஆனால் வாங்கப் போகிறவர்கள் எஞ்சினைத் திறந்து பார்ப்பார்கள், ஃபோர்வீல் விழுதா என்று பார்ப்பார்கள், பெட்டியைத் தட்டிப் பார்ப்பார்கள். பின்சீற்றில் ஏறி இருந்து பார்ப்பவர்கள் குறைவு. பிள்ளைகள் இருக்கப் போவது அங்கேதான்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. ஆகையால் கைக்கு எட்டுகிற விலையில் கிடைப்பவை பெரும்பாலும் பழைய மொடல்கள். அவற்றைப் பார்க்கப் போகும்போது முன்சீற்றை உங்கள் காலுக்கு ஏற்றபடி தள்ளி விட்டு, பின்கதவால் ஏறி அதற்கு நேர் பின்னால் இருங்கள். முழங்கால் முட்டுதா? முதுகை முழுதாகச் சாய்த்துப் பாருங்கள். டபுள் கப்பில் சீற்றுக்குப் பின்னால் உடனே கபினின் தகடு, அதை ஒட்டிப் பெட்டி. சாய்வுக்கு இடமில்லாததால் பழைய வாகனங்கள் பலவற்றில் முதுகுப்பக்கம் நிமிர்ந்தே நிற்கும். நாலு வயதுப் பிள்ளை அதில் நித்திரையானால் தலை முன்னுக்குத் தொங்கும், தாடை நெஞ்சில் இடிக்கும், பிள்ளை சிணுங்கும். உடனே பெல்ற்றைக் கழற்றி மடியில் கிடத்துவோம். வசதி குறைந்தால் பாதுகாப்பும் சேர்ந்து போவது இப்படித்தான். வசதியாக இருக்கிற பிள்ளை பெல்ற்றோடு இருக்கும். பின்சீற்றைப் பற்றி இவ்வளவு வற்புறுத்திச் சொல்வது அதற்காகத்தான்.

2014க்குப் பின் வந்த மிற்சுபிசி எல்200இல் கபினின் பின்பக்கத்தை வளைத்து, சாய்வுக்கு 25 பாகை கொடுத்திருக்கிறார்கள். ஏறி இருந்தாலே வித்தியாசம் தெரியும். மற்ற மொடல்களை ஒவ்வொன்றாக இருந்து பார்த்தே முடிவெடுங்கள், தரகர் சொல்வதை வைத்து வேண்டாம்.

குலுக்கலுக்கு வருவோம். ஏறக்குறைய ஒரு தொன் பாரம் தாங்கவேணும் என்று செய்த வாகனம் இது. பின் அச்சில் பெரும்பாலும் அடுக்குத் தகடு வில்லுத்தான் இருக்கும். பெட்டி வெறுமையாக இருந்தால் அந்தத் தகடுகள் வளையாது, ஒவ்வொரு குழியும் பின்சீற்றில் இருக்கிறவரின் இடுப்புக்கே வரும். சில நிசான் நவாராக்களில் பின்பக்கமும் சுருள் வில்லு உண்டு. கீழே குனிந்து பார்த்தால் தகடா சுருளா என்று தெரிந்துவிடும். எந்த வில்லாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது ரயர் காற்று. பாரம் ஏற்றுகிற வாகனம் என்று நினைத்துக் கடையில் இறுக்கமாக அடித்து விடுவார்கள். சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்ரிக்கர் இருக்கும். வெறும் பெட்டிக்கு எவ்வளவு, பாரத்துக்கு எவ்வளவு என்று அதில் உண்டு. ஓடமுதல், ரயர் சூடாகாமல் இருக்கும்போது அளந்து அடியுங்கள். ரெண்டு மூட்டை நெல்லு ஏற்றினால் கபினோடு ஒட்டி வைத்துக் கட்டுங்கள். பெட்டியின் கடைசியில் வைத்தால் பின்பக்கம் இன்னும் துள்ளும்.

சைல்ட் சீற் விஷயத்தில் கொஞ்சம் நேரம் எடுங்கள். கனடாவிலிருந்து சீற்றைக் கொண்டு வந்தவர்கள் இதைப் பரிசோதிக்க வேணும்: அங்கே வாகன பெல்ற்றை முழுதாக வெளியே இழுத்து விட்டால், உள்ளே போகும்போது டிக் டிக் என்று சத்தம் போட்டுப் பூட்டிக்கொள்ளும், திரும்ப இழுபடாது. அந்தப் பூட்டை நம்பித்தான் அங்கத்தைய சீற்றுகள் பலவற்றைக் கட்டுவது. வட அமெரிக்காவுக்கு வெளியே விற்கிற வாகனங்கள் பெரும்பாலானவற்றில் இந்தப் பூட்டு இல்லை, சடுதியாக இழுத்தால் மட்டுமே பெல்ற் பிடிக்கும். ஆகவே சைல்ட் சீற்றிலேயே பெல்ற்றை இறுக்கிப் பிடிக்கிற கவ்வி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கையேட்டில் சொல்லியபடி தனியான இரும்புக் கவ்வி போட வேணும். கட்டின பிறகு பெல்ற் போகிற இடத்தில் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் அசைந்தால் திரும்பக் கட்டுங்கள்.

முன்னுக்குப் பார்க்கிற சைல்ட் சீற்றின் உச்சியை இழுத்துப் பிடிக்கிற மேல்வாரைக் கொழுவுகிற இடமும் டபுள் கப்பில் வேறு. காரில் என்றால் பின்தட்டிலோ டிக்கியிலோ இருக்கும். இங்கே அநேகமாகப் பின்சீற்றின் முதுகுக்கும் கபின் தகட்டுக்கும் இடையில் மறைந்திருக்கும். முதுகுப்பக்கத்தை முன்னுக்கு மடித்துத்தான் பார்க்க வேணும். சில வாகனங்களில் ஒரு துணி வளையத்துக்குள்ளால் வாரை எடுத்துப் பக்கத்து வளையத்தில் கொழுவ வேணும். அந்த வாகனத்தின் கையேடு சொல்கிறபடியே செய்யுங்கள். கடைகளில் போடுகிற றெக்சின் உறை இந்த வளையங்களையும், சைல்ட் சீற்றைப் பூட்டுகிற ஐசோஃபிக்ஸ் கொழுவிகளையும் மூடிவிடும். உறை கட்டாயம் வேணும் என்றால் அந்த இடங்களை வெட்டித் தைக்கச் சொல்லுங்கள். வெயிலில் றெக்சின் தொடையைச் சுடும், பருத்தித் துணி நல்லது. பாலைப்பழக் காலத்தில் அதன் பால் பிள்ளைகளின் கையிலிருந்து சீற்றில் ஒட்டினால் லேசில் போகாது. கழற்றித் தோய்க்கக்கூடிய உறை என்றால் அந்தத் தொல்லையும் இல்லை.

எந்தப் பக்கத்தில் கட்டுவது? கனடா, சுவிஸ், ஜெர்மனி, பிரான்ஸ், நோர்வேயில் இருந்து வந்தவர்களின் கை தானாக வலப்பக்கத்துக்குப் போகும். இங்கே வாகனம் இடப்பக்கத்தால் ஓடும். ஆகவே றோட்டுக் கரையில் நின்று பிள்ளையை ஏற்றி இறக்க இடப்பக்கக் கதவுதான் சரி. வலப்பக்கம் திறந்தால் பஸ் உரசிக்கொண்டு போகிற பக்கம். பிள்ளைகள் உள்ளிருந்து திறக்காதபடி பின்கதவுகளின் பூட்டுத் தட்டையும் போட்டு வையுங்கள்.

பழைய டபுள் கப்புகள் பலவற்றில் நடு இடத்துக்கு இடுப்பு பெல்ற் மட்டுமே இருக்கும். பூஸ்ரரை (பெல்ற் சரியாகப் பொருந்தப் பிள்ளையை உயர்த்தி இருத்துகிற சீற்) அதில் வைக்கக் கூடாது. தோளுக்கும் பெல்ற் வராமல் பூஸ்ரர் வேலை செய்யாது. கனடாவின் ஒன்ராறியோவில் 8 வயது, 36 கிலோ, 145 சென்ரிமீற்றர் என்பவற்றில் ஒன்று வரும்வரை பூஸ்ரர் கேட்பார்கள். பிரித்தானியாவில் 12 வயது அல்லது 135 சென்ரிமீற்றர். இங்கே மறித்துக் கேட்க ஆளில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். முழங்கால் சீற் விளிம்பில் மடிய வேணும், இடுப்பு பெல்ற் வயிற்றில் ஏறாமல் தொடை தொடங்குகிற இடத்தில் கிடக்க வேணும், தோள் பெல்ற் கழுத்தை அறுக்கக் கூடாது. அதுவரைக்கும் பூஸ்ரர் வேணும். முதுகும் தலைப்பக்கச் சிறகும் உள்ள பூஸ்ரர் எடுத்தால், நிமிர்ந்த பின்சீற்றில் நித்திரைத் தலை பக்கத்தில் சாய ஒரு இடம் கிடைக்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை செருகாதீர்கள், பெல்ற் தளர்ந்துவிடும்.

வெயில். சோளகம் அடிக்கிற மாதங்களில் ஒரு பத்து நிமிசம் வெயிலில் நின்ற வாகனத்துக்குள் சூடு பத்துப் பாகை அளவில் ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டாலும் பெரிதாகக் குறையாது. பிள்ளையின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடாகும். கடைக்கு ஓடிப்போய் வருகிற நேரத்துக்குக்கூடப் பிள்ளையை உள்ளே விட்டுப் போக வேண்டாம். ஏற்றமுதல் பெல்ற் கொழுவியின் இரும்பைத் தொட்டுப் பாருங்கள். அது குழந்தையின் தோலைச் சுட்டு விடும். நிறுத்தும்போது சீற்றின் மேல் ஒரு துவாய் போட்டு விட்டால் போதும். பழைய மொடல்கள் பலவற்றில் பின்னுக்கு ஏசி வாய் இல்லை. முதலில் எல்லாக் கண்ணாடியையும் இறக்கிக் கொஞ்சத் தூரம் ஓடிச் சூட்டை வெளியேற்றி, பிறகு மூடி, நடு வாய் ரெண்டையும் மேல்நோக்கித் திருப்பி விடுங்கள். குளிர் முன்சீற்றுகளுக்கு இடையால் பின்னுக்குப் போகும்.

சத்தி எடுக்கிற பிள்ளைக்குப் படம் பார்க்க ரப்லெற் கொடுக்காதீர்கள், வெளியே தூரத்தில் பார்க்க விடுங்கள். வவுனியாவில் இருந்து வருகிறவர்கள் முறிகண்டியில் எப்படியும் நிற்பீர்கள். பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கி, பிள்ளைகளைக் கொஞ்சம் நடக்க விட்டு ஏற்றுங்கள். ஆனால் கச்சானைச் சின்னப் பிள்ளைகளுக்கு ஓடுகிற வாகனத்துக்குள் கொடுக்க வேண்டாம், புரைக்கேறும். தேங்காய், மண்வெட்டி, காஸ் சிலிண்டர் எல்லாம் பெட்டிக்குள் போக வேணும், பின்சீற்றின் காலடியில் அல்ல. இருட்டினால் ஏ9இல் மாடு படுத்திருக்கும், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானையும் வரும். சடுதியாகப் பிறேக் பிடித்தால் கட்டாத சாமான் எல்லாம் முன்னுக்குப் பறக்கும்.

கடைசியாக, சொந்தக்காரர். வற்றாப்பளைப் பொங்கலுக்கோ மடுவுக்கோ வெளிக்கிட்டால் எட்டுப் பேர் வந்து நிற்பார்கள். "பிள்ளையை இஞ்ச தாங்கோ, நான் மடியில வைச்சிருக்கிறன்" என்று அப்பம்மா அன்பாகத்தான் கேட்பா. 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதினால் பத்துக் கிலோப் பிள்ளை கையில் சில நூறு கிலோவாக இழுக்கும், எந்தக் கையும் பிடிக்காது. "பெரிய பிள்ளையள் பெட்டிக்குள்ள நிக்கட்டும்" என்று சித்தப்பாவும் சொல்வார். றோட்டில் நிறைய வாகனம் அப்படித்தான் ஓடுது, அவருக்கு அது புதினமில்லை. கோவிக்காமல், ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்: அஞ்சு பெல்ற், அஞ்சு பேர். மிச்சப் பேருக்கு பஸ் இருக்கு, இல்லாவிட்டால் ஒரு வான் பிடியுங்கள். இதை வந்த புதிதிலேயே சொல்லிவிடுங்கள், ஒரு தரம் விட்டுக்கொடுத்தால் பிறகு மாற்றுவது கரைச்சல்.