புது நாட்டில் புராஸ்டேட் அழற்சிக்கு வைத்தியம் பார்ப்பது எப்படி?

கிளம்பும்போது மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் அட்டையைப் பெட்டியில் வைத்து எடுத்து வந்திருக்கிறீர்களா? புராஸ்டேட்டில் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) வலி வந்ததும் அதிலிருந்து நாலு மாத்திரை போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தால், தயவுசெய்து வேண்டாம். அரைகுறையாகப் போட்டால் நோய் போகாது, பிறகு எடுக்கும் பரிசோதனையிலும் கிருமி சரியாகத் தெரியாமல் போய்விடும்.

அடிவயிற்றில் வலி, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே அழுத்தம், அடிக்கடி சிறுநீர் வருவது, விந்து வெளியேறும்போதோ அதற்கப்புறமோ எரிச்சல். இதெல்லாம் மாதக்கணக்கில் இருந்தும் வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, புது வேலை, வீடு, பேப்பர் வேலைகளுக்கு நடுவே பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்கள் நிறைய. 50 வயதுக்குள் இருக்கும் ஆண்களுக்குச் சர்வசாதாரணமாக வரும் தொல்லை இது. புற்றுநோய் இல்லை, இதற்காக யாரும் வெட்கப்படவும் வேண்டியதில்லை.

முதலில் உங்களுக்கு இருப்பது எந்த வகை என்று தெரியவேண்டும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 1995-ல் வகுத்த பிரிவின்படி நான்கு வகை உண்டு. முதல் வகை திடீரென்று வரும் கிருமித் தொற்று. குளிர்காய்ச்சல், கடும் வலி, சிறுநீரே போகமுடியாத நிலை என்று இருந்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். இரண்டாவது, கிருமியால் வந்து திரும்பத் திரும்பத் தலைகாட்டும் நாள்பட்ட அழற்சி. மூன்றாவதில் வலி இருக்கும், கிருமி இருக்காது. நாள்பட்ட தொல்லையோடு வருபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இதுதான். நான்காவது எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் வேறு பரிசோதனையில் தற்செயலாகத் தெரியவருவது.

இரண்டா மூன்றா என்று பிரிப்பதில்தான் பலருக்கு வருடங்கள் வீணாகின்றன. அதற்குக் கல்ச்சர், அதாவது மாதிரியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை வேண்டும். முதலில் சிறுநீர் மாதிரி ஒன்று கொடுப்பீர்கள், மருத்துவர் கையுறை போட்ட விரலை ஆசனவாய் வழியாக விட்டு சுரப்பியை லேசாக அழுத்துவார், அப்புறம் இன்னொரு மாதிரி கொடுப்பீர்கள். கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் சீக்கிரம் முடிந்துவிடும். காய்ச்சலோடு வரும் முதல் வகையில் மட்டும் இப்படி அழுத்தக்கூடாது.

பல நாடுகளில் நேராக யூரோலஜிஸ்ட்டை (சிறுநீர்ப் பாதை நிபுணர்) பார்க்க முடியாது, குடும்ப மருத்துவர்தான் கடிதம் கொடுத்து அனுப்பவேண்டும். அவரிடம் கிடைப்பது சில நிமிடங்கள்தான் என்பதால் எப்போது ஆரம்பித்தது, எங்கே வலிக்கிறது, இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பழைய மாத்திரைகளின் பிராண்ட் பெயர் அங்கே புரியாமல் போகலாம், அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போய் இதைச் சொல்லவைக்காதீர்கள், பாதி விஷயத்தை நீங்களே முழுங்கிவிடுவீர்கள்.

இரண்டாவது வகைதான், கிருமி இருக்கிறது என்று உறுதியானால் ஆன்டிபயாடிக் பொதுவாக 4 முதல் 6 வாரம் வரை போகும், ஏனென்றால் இந்தச் சுரப்பிக்குள் பல மருந்துகள் சரியாக ஊடுருவுவதில்லை. ஊடுருவும் சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் சிலருக்குத் தசைநாணையும் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) நரம்பையும் பாதிக்கும். பிரிட்டன் 2024 ஜனவரியில், வேறு ஆன்டிபயாடிக் பொருந்தாதபோது மட்டுமே இவற்றைக் கொடுக்கவேண்டும் என்று கட்டுப்படுத்தியது. ஆக, கேட்டவுடன் மருத்துவர் எழுதிக்கொடுக்கவில்லை என்றால் அலட்சியம் என்று கோபப்படாதீர்கள். மருந்து சாப்பிடும்போது குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் தசைநாண் வலித்தால் அன்றே தெரிவியுங்கள்.

மூன்றாவது வகைக்கு ஒரே மாத்திரையில் தீர்வு கிடையாது. சிறுநீர் தடைபட்டால் டாம்சுலோசின் மாதிரியான மருந்து கொடுப்பார்கள். சட்டென்று எழுந்தால் தலைசுற்றலாம், விந்து வெளியே வருவது குறையலாம், பயப்படவேண்டாம். ஆனால் என்னைக் கேட்டால் பலரும் தவறவிடுவது இடுப்புத்தளத் தசைகளைத்தான், அதாவது இடுப்பின் அடியில் சிறுநீர்ப்பையையும் குடலையும் தாங்கும் தசைகளை. வலிக்குப் பயந்து அந்தத் தசைகளை நாள் முழுக்க இறுக்கியே வைத்திருக்கிறோம், இறுக்கமே மறுபடி வலியைக் கிளப்புகிறது. இதற்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டுகள் இருக்கிறார்கள், பரிந்துரை கேட்டு வாங்குங்கள். இணையத்தில் பார்த்துவிட்டு கீகல் பயிற்சியில் இறங்காதீர்கள், அது இறுக்கும் பயிற்சி, ஏற்கெனவே இறுகியிருப்பவர்களுக்கு வலியைக் கூட்டிவிடலாம்.

வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிற்றில் ஒரு கையை வையுங்கள். மூச்சை மெதுவாக உள்ளே இழுக்கும்போது கை மேலே எழவேண்டும், அதோடு ஆசனவாயைச் சுற்றியுள்ள தசை தளர்ந்து கீழே இறங்குவதைக் கவனியுங்கள். வெளியே விடும்போது இறுக்காதீர்கள். முதல் சில நாள் ஒன்றும் தெரியாது, அப்புறம்தான் எவ்வளவு இறுக்கமாக இருந்தோம் என்பதே பிடிபடும். வெதுவெதுப்பான நீரில் இடுப்பு மூழ்க உட்காருவதும், நீண்ட நேரம் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் இடையிடையே எழுந்து நடப்பதும் நல்லது. காபியும் மதுவும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, கொஞ்ச நாள் நிறுத்திப் பார்த்தால் உங்களுக்கு எப்படி என்று தெரிந்துவிடும்.

பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதத்தின் அளவு) ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னால் அழற்சி இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். புற்றுநோய் இல்லாமல் அழற்சி இருந்தாலே அந்த எண் ஏறலாம். அது தணிந்து சில வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.