வெயில் காலத்துல ஏரிக்கு தூண்டில் எடுத்துட்டு போறவங்களுக்கு

வேலூர், ஆற்காடு பக்கம் சின்ன ஏரிங்கள்ல தூண்டில் போடுறவங்களுக்கு ஒரு டிப்ஸ். விடியகாலைலதான் மீன் கடிக்கும்னு எல்லாரும் சொல்வாங்க, ஆனா வெயில் காலத்துல வத்திப்போயி பச்சையா நிக்கிற தண்ணில அது சரிப்பட்டு வராது. கைய முழங்கை வரைக்கும் தண்ணில விட்டுப் பாருங்க, சேத்துக் கலங்கல் இல்லாமலே உள்ளங்கை தெரியலன்னா பாசி ஓவரா இருக்கு, பாசி பகல்ல ஆக்சிஜன் குடுக்கும் ஆனா ராத்திரி பூரா அதுவே இழுத்துக்கும், அதனால விடியும்போது தண்ணில காத்து ரொம்ப கம்மி, கட்லா ரோகு எல்லாம் மேல வந்து வாய தொறந்து தொறந்து மூடிட்டு கெடக்கும், அத பாத்துட்டு ஆஹா மீனு துள்ளுதுடான்னு மாவு உருண்டைய போட்டா தக்கை அசையவே அசையாது. சாயங்காலம் 4 மணிக்கு மேல போங்க. விரால் மட்டும் வேற கணக்கு, அது மேல வந்து நேரா காத்த குடிச்சிக்கும், புல்லு ஓரமா தவளைய போட்டா காலைலயும் எடுக்கும்.

கட்லா, ரோகு நின்ன தண்ணில குஞ்சு விடாது, குத்தகைக்காரர் காசு போட்டு வாங்கி விட்டதுதான், அதனால அவர கேக்காம போடாதீங்க. ஜிலேபி மீனுன்னா (திலாப்பியா) யாரும் பெருசா கண்டுக்க மாட்டாங்க, முட்டைய வாயிலயே வெச்சி வருஷத்துல பல தடவ குஞ்சு விடும், பெருகி பெருகி கடைசில எல்லாம் உள்ளங்கை சைஸ்லயே நின்னுடும்.

அப்புறம் செவப்பு குஞ்சுங்க கூட்டமா மேல கொதிக்கிற மாதிரி தெரிஞ்சா கீழ விரால் காவல் இருக்கு. ஈஸியா மாட்டும்தான், ஆனா அத எடுத்துட்டா அத்தன குஞ்சும் மத்த மீனுக்கு தீனி, தள்ளிப் போயி போடுங்க.