துணிக்கடை அக்கவுண்டையும் எழுதணுமா? அரசுப் பதவிக்குப் போகிறவர்கள் கடன் விஷயத்தில் செய்யும் தவறுகள்

போன மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அவள் மகளுக்கு இசட்204 படிவம் நிரப்ப உதவினேன். அரசின் ரகசியக் கோப்புகளைக் கையாளும் பதவிக்குப் போகிறவர்கள் பாதுகாப்புச் சோதனைக்காக நிரப்பிக் கொடுப்பது அது. பண விவரம் கேட்கும் பகுதி வந்ததும் பேனா நின்றுவிட்டது. "மாமா, துணிக்கடை அக்கவுண்டையும் எழுதணுமா?"

எழுத வேண்டும். தவணையில் துணி வாங்கும் அந்தக் கணக்கும் கடன்தான். கடன் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இந்த நாட்டுச் சட்டம் யாரையும் அரசு வேலையிலிருந்து தள்ளிவைப்பதில்லை. பண நெருக்கடியைப் பயன்படுத்தி இந்த ஆளை யாராவது வளைத்துவிட முடியுமா என்பதுதான் சோதிப்பவர்களின் கவலை. கடனை எழுதிவிட்டால் பேசி விளக்கலாம். எழுதாததை அவர்களே கடன் பீரோ (யார் எவ்வளவு கடன் வாங்கினார், எப்படிக் கட்டினார் என்று பதிந்துவைக்கும் நிறுவனம்) அறிக்கையில் கண்டுபிடித்தால், அப்புறம் கடனை விட்டுவிட்டு உங்கள் நேர்மையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்த அறிக்கையை முதலில் நீங்கள் பாருங்கள். 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டப்படி டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன் போன்ற ஒவ்வொரு பீரோவும் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும். என்றோ மூடிய போன் கணக்கு ஒன்று என் அறிக்கையில் பாக்கியாகவே உட்கார்ந்திருந்தது. புகார் கொடுத்துத்தான் எடுக்க வைத்தேன்.

கடன் வழக்கில் வரும் சம்மனைப் பிரிக்காமல் வைப்பது அடுத்த தவறு. நீதிமன்ற ஊழியரான ஷெரிஃப் கொடுத்த உறையைச் சாமி மாடத்தில் திருநீற்றுத் தட்டுக்கு அடியில் செருகிவைத்தவர்களை எனக்குத் தெரியும். மாஜிஸ்திரேட் நீதிமன்ற வழக்கென்றால் எதிர்க்கப்போகிறோம் என்று தெரிவிக்கப் பத்து வேலை நாள்தான். அதைத் தவறவிட்டால் நம் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பு வரும். சாதாரணக் கடன் பெரும்பாலும் 3 வருடத்தில் காலாவதியாகும், தீர்ப்பான கடனுக்கோ 30 வருடம் ஆயுள். மைத்துனருக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் இப்படித்தான் நம் வாசலுக்கு வந்து நிற்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, திவாலையும் கடன் சீரமைப்பையும் ஒன்றாக நினைப்பது. பதிவு பெற்ற கடன் ஆலோசகர் வழியாகத் தவணையைக் குறைத்துக் கட்டுவது சீரமைப்பு. அது முடியும்வரை புதுக் கடன் வாங்க முடியாது, அவ்வளவுதான். சொத்தை நீதிமன்றத்திடம் ஒப்படைத்துத் திவாலாவது வேறு கதை. அதற்கு மனுப் போடும் முன்பே அரசிதழிலும் செய்தித்தாளிலும் அறிவிப்பு வர வேண்டும், ஊருக்கே தெரிந்துவிடும். அரசியலமைப்பின் 47-ஆம் பிரிவுப்படி, மறுவாழ்வு உத்தரவு (திவால் நிலையிலிருந்து விடுவிக்கும் உத்தரவு) பெறாத திவாலானவர் நாடாளுமன்ற உறுப்பினராக முடியாது. நகராட்சிக் கவுன்சிலராகவும் முடியாது. நீதிமன்றம் முன்கூட்டியே விடுவிக்காவிட்டால், அந்த நிலை தானாக நீங்கப் பத்து வருடம் ஆகும். மஷோனிசா எனப்படும் உள்ளூர் வட்டிக்காரரின் வட்டி தாங்காமல், மொத்தக் கடனும் ஒழிகிறதே என்று அவசரமாகத் திவாலுக்குக் கையெழுத்துப் போடுகிறவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை. நாளைக்கு வார்டு தேர்தலில் நிற்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், முதலில் கடன் ஆலோசகரைப் பாருங்கள்.

லைட் பில், தண்ணீர் பில்லை யாரும் கடன் என்றே நினைப்பதில்லை. ஆனால் கவுன்சிலரோ நகராட்சி ஊழியரோ தன் நகராட்சிக்கு வரியும் கட்டணமும் 3 மாதத்துக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது என்று நடத்தை விதியே இருக்கிறது. ஊழியரானால் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளலாம். அக்கா மகனும் நகராட்சியில்தான் வேலை பார்க்கிறான். பேச்சு வந்ததும் அவன் எழுந்துபோய் அலமாரியிலிருந்து பில்லைக் கொண்டுவந்தான். பாக்கி இல்லை. பெயர்தான் இன்னும் செத்துப்போன தாத்தா பெயர்.